கோபுரத்தடியில் ஒரு சுருள்

புதிய கார்களில் டிஆர்எம் டிஜிட்டல் ரேடியோ வருகிறது என்ற செய்தியைப் படித்ததிலிருந்து, அது கிளம்பும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். பொறியாளரான நண்பர் ஒரு மத்திய அலை நிலையத்துக்கு அழைத்துப்போனார். ஆகாசவாணி 2009-இல் சிற்றலையில் தொடங்கிய டிஜிட்டல் முயற்சி, பிறகு நாடெங்கும் 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களாக வளர்ந்திருக்கிறது.

டிரான்ஸ்மிட்டர் அறையில் விளக்கியதில் பாதி எனக்கு எட்டவில்லை. கண்ணெல்லாம் வெளியே நின்ற கோபுரத்தில்தான். அந்தக் கோபுரமே ஏரியல். 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்ப, கால் அலை உயரமே ஏறத்தாழ 104 மீட்டர் வரும். அதன் அடியில் ஒரு சிறு அறை. உள்ளே தடித்த செம்புச் சுருள்கள், கெப்பாசிட்டர்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தி திரும்பி வராமல் கோபுரத்தில் ஏறுவது இவற்றால்தான்.

பழைய ஒலிபரப்பில், சுருள் சரியாக வழிவிடாமல் அலைவரிசையின் ஓரங்கள் தேய்ந்தால் பாட்டின் கணீர் கொஞ்சம் குறையும், பேச்சு கேட்கும். டிஜிட்டலிலோ ஏறத்தாழ 200 துணை அலைகள் அருகருகே போகின்றன. சிதைவு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கரகரப்புகூட இருக்காது, ரேடியோ ஊமையாகிவிடும். பழையது 720-இல், புதியது 729-இல் என்று இரண்டையும் சேர்த்து ஏற்றினால், சுருள் 18 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கும் ஒரே சீராக வழிவிட வேண்டும்.

அதைச் சரிசெய்பவர் வால்வு காலத்தில் வேலைக்குச் சேர்ந்த டெக்னீஷியன். நள்ளிரவில் ஒலிபரப்பு நின்றதும், எர்த் ராடால் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிய பிறகே சுருளில் கைவைப்பார். கிளிப்பை அரைச் சுற்று நகர்த்துவார், அளப்பார், மறுபடி நகர்த்துவார். "மழை பெஞ்சா ஒரு ரீடிங், காஞ்சா ஒரு ரீடிங் சார். மண்ணுக்குள்ள ஓடுற கம்பியும் சேர்ந்துதான் ஏரியல்" என்றார். கோபுரத்தைச் சுற்றி நாலாபக்கமும் செம்புக் கம்பிகள் புதைந்திருக்கின்றன. அவை அரித்துப்போனாலும் திருடுபோனாலும் அவர் கணக்கெல்லாம் முதலிலிருந்து.

இத்தனை பாடுபட்டு அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் செட் எங்கே? காரில் வந்துவிட்டது. சில நூறு ரூபாய் ரேடியோவை நம்பிக் கடலுக்குப் போகிறவருக்கு வரவில்லை. அவருக்கு எட்டாத விலையில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் செட்டையே அதற்குத் திருப்பும் வசதி டிஆர்எம்மில் உண்டு. அது முதலில் போய்ச் சேர வேண்டியது அவரிடம் அல்லவா? டிரான்ஸ்மிட்டருக்குப் பணம் ஒதுக்கியவர்கள், மலிவான செட்டுக்கும் அன்றே வழி செய்திருக்க வேண்டும். செய்யாததால் பழைய ஒலிபரப்பை நிறுத்த முடியவில்லை. ஒரே கோபுரத்தில் இரண்டும் ஏறுகின்றன.

"ஊர்ல எல்லார் கையிலயும் செட் வந்துட்டா பழசை நிறுத்திரலாம் சார்" என்றார் டெக்னீஷியன். "அப்புறம் எனக்கு ஒம்பது கிலோஹெர்ட்ஸ் போதும்."