கல்லும் குழாயும்

சைக்கிள் வாங்கப் புறப்படுகிறவன் கண்ணில் முதலில் படுவது வர்ணம், அடுத்தது கியர், அதன்பின் பிரேக்கும் டயரும். இவையனைத்தையும் தாங்கிக்கொண்டு நடுவே மௌனமாக நிற்கும் பிரேமை, கடைக்காரர் விலைக்குக் காரணம் சொல்ல நேரும்போதுதான் நாம் ஏறிட்டுப் பார்க்கிறோம். நானும் அப்படிப் பார்த்தவன்தான் என்பதையும், அதற்குரிய தண்டனையைக் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பாறையடியில் நின்று அனுபவித்தேன் என்பதையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இத்தனைக்கும், பிரேம் எனக்குப் புதிய வஸ்து அல்ல. கள்ளக்குறிச்சியில் மணிக்கணக்குக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்ட தலைமுறையைச் சேர்ந்த எவனுக்கும், பாருக்குக் கீழேயுள்ள அந்த முக்கோணத்தின் நீள அகலம் காலாலேயே மனப்பாடமாகியிருக்கும். உருக்குக் குழாய்களை உறைபோன்ற மூட்டுக்களில் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பற்றவைத்த பிரேம் அது. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூர்த் தொழிற்சாலைக்கு வித்திட்டதிலிருந்து, நம் பக்கத்து வண்டித்தடங்களிலெல்லாம் பால்கேனும் தீவனக்கட்டும் புருஷன் மனைவி குழந்தையுமாகச் சுமந்து திரிந்த அந்தக் கறுப்புச் சைக்கிள்களில், ரிம் கோட்டமானது உண்டு, போர்க்கு வளைந்தது உண்டு. பிரேம் ஒடிந்ததாக நான் கேள்விப்பட்டது அபூர்வம். அந்த ஞாபகத்தில், பிரேம் என்பது ஒடியாத ஒன்று என்று ஒருவித அலட்சியம் என் மனத்தில் படிந்துவிட்டிருந்தது.

கல்வராயன் மலை அந்த அலட்சியத்தைச் சகித்துக்கொள்ளும் மலை அல்ல. கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த இந்த மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்ற இரு பிரிவாக, பெரும்பாலும் 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் மேட்டுநிலமாகப் பரந்து கிடக்கிறது. இதன் வெள்ளிமலைப் பகுதி, தென்னாற்காடாக இருந்து, விழுப்புரமாகி, 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமுமாயிற்று. கச்சேரிகள் பெயர் மாறினவேயன்றிக் கல் மாறவில்லை. கல் என்றேன், பெயரிலேயே கல்லை வைத்துக்கொண்டிருக்கும் இந்த மலையின் பாறைக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. கல்கத்தாவின் ஸ்தாபகராகப் பேர்பெற்ற ஜாப் சார்னக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி, அது சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் என்று கண்டு, அந்த ஜாதிப் பாறைக்கே சார்னக்கைட் என்று நாமகரணம் செய்துவிட்டார். சமாதிக்காரரின் பெயர் சூட்டப்பெற்ற அதே ஜாதிக் கல்தான் கல்வராயனிலும் நம் சக்கரத்தின் கீழே கிடக்கிறது என்பதை, இறக்கத்தில் வேகம் மிஞ்சும் சமயங்களில் நினைத்துக்கொள்வது நலம்.

கோமுகி அணைக்கு மேலே ஏறும் தார்ச்சாலையில் எந்தச் சைக்கிளும் போகும். அதை விட்டு விலகி ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதுதான் சோதனை. அந்தத் தடங்கள் சக்கரத்துக்காகப் பிறந்தவை அல்ல. கடுக்காயும் புளியும் சாமையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்த மலையாளி என்ற பழங்குடி மக்களின் பாதங்கள் பல தலைமுறையாக நடந்து நடந்து உண்டாக்கியவை. ஐப்பசி மழை மண்ணை வாரிக்கொண்டு போனபின், படிக்கட்டுகள்போலத் துருத்திக்கொண்டு நிற்கும் கல்விளிம்புகளைக் கால் தயங்கித் தயங்கி இறங்கும். சக்கரமோ தொப்பென்று விழும். விழும் ஒவ்வொரு தடவையும் முன்போர்க்கு ஒரு கடப்பாறைபோலாகி, கழுத்தை நெம்புகிறது. அந்த நெம்பலையெல்லாம் ஏற்றுக்கொள்வது, கழுத்திலிருந்து பெடல் அச்சுவரை சரிந்து இறங்கும் கீழ்க்குழாய் கழுத்தோடு சேரும் இரண்டு விரற்கடை இடம்.

அந்த இடத்தில்தான், நகரத்துக் கடையொன்றில் பளபளப்பைக் கண்டு மயங்கி நான் வாங்கியிருந்த அலுமினிய சைக்கிளில், தலைமயிர் அளவு ஒரு கோடு தெரிந்தது. வர்ணம் உரிந்ததென்றெண்ணித் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வேர்வையென்று நினைத்து மறுபடி துடைத்தேன். பிறகு மலையடிவாரம்வரை தள்ளிக்கொண்டு நடந்து, கள்ளக்குறிச்சியில் எனக்கு முப்பது வருஷப் பழக்கமுள்ள சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் நகத்தால் அந்தக் கோட்டை ஒருமுறை வருடிவிட்டு, “பெயிண்டு கீறல் இல்லீங்கய்யா, உள்ளேயே விட்டுப்போச்சு. இரும்பா இருந்தா இப்பவே பித்தளை விட்டுக் குடுத்துடுவேன். அலுமினியத்துல நெருப்பு வச்சா எடமே இளகிப் போயிடும், இன்னிக்குப் பத்தவச்சா, நாளைக்குப் பக்கத்துல விடும்” என்றார்.

உலோக சாஸ்திரம் படித்த எவரும் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டியிருக்காது. சைக்கிளுக்கு உபயோகிக்கும் 6061 என்ற அலுமினியக் கலவை, பற்றவைத்த இடத்தை ஒட்டித் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. முழு பிரேமையும் 500 டிகிரி செல்ஷியஸுக்கும் மேலே காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பின் மெல்லச் சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்தினால்தான் அந்தப் பலம் மீளும். தொழிற்சாலையில் அது நடக்கும். சந்தைத் தெருவில் நடக்காது. இன்னொரு பேதமும் இரண்டுக்கும் உண்டு. உருக்குக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குக் குறைந்த அதிர்ச்சியை லட்சோபலட்சம் தடவை கொடுத்தாலும் அது மறந்துவிடும். அலுமினியத்துக்கு அத்தகைய மறதி கிடையாது. சிறிய அதிர்ச்சியையும் அது கணக்கில் எழுதிக்கொண்டே வந்து, ஒரு நாள் கணக்கை முடித்துவிடுகிறது. ஆகவேதான் அலுமினிய பிரேம் செய்கிறவர்கள், அதிர்ச்சியே அதிகம் எட்டாதபடி குழாயைப் பருமனாக்குகிறார்கள். எடையில் உருக்கின் மூன்றிலொரு பங்கும், விறைப்பிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குமாக இருக்கும் உலோகம், குழாய் பருத்தவுடன் உருக்கைக்காட்டிலும் விறைத்து நிற்கும் என்பது கணிதத்தின் விசித்திரம். நன்கு செய்த அலுமினிய பிரேம் எளிதில் ஒடியாது என்பதையும் நியாயம் கருதிச் சொல்லத்தான் வேண்டும். என்னுடையது நன்கு செய்ததல்ல.

கடையில் உட்கார்ந்திருந்த அந்த மாலையில், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் ஜில்லாவில் இதே பாடத்தைப் படித்த வாலிபர்களின் கதை நினைவுக்கு வந்தது. டமால்பைஸ் என்ற மலைப்பக்கத்தின் மண்பாதைகளில் அவர்கள் ஓட்டியது, 1930-களிலும் 40-களிலும் பிள்ளைகளுக்காகச் செய்த கனத்த பழைய ஷ்வின் சைக்கிள்களை. 1976-இல் தொடங்கிய அவர்களுடைய இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததற்குக் காரணம், ஒரே ஒரு இறக்கத்தில் பின்சக்கரத்து பிரேக் கொதித்து உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விட, மறுபடியும் அடைக்க வேண்டியிருந்ததுதான். பழைய பிரேம்கள் வளைந்தும் ஒடிந்தும் போகவே, அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ‘குரோமோலி’ உருக்குக் குழாயால், பக்கவாட்டில் இரண்டு மெல்லிய முட்டுக் குழாய்களும் கொடுத்து, மலைக்கென்றே ஒரு பிரேம் செய்தார். கழுத்தும் மூட்டும் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் அது; நாகரிகமெல்லாம் பிறகு வந்தது.

எனவே இரண்டாம் முறை நான் வாங்கப் போனபோது வர்ணத்தைப் பார்க்கவில்லை. கார்பன் பிரேமைக் காட்டினார்கள். பலத்தில் குறைந்ததல்ல, ஆனால் கூரிய கல்லொன்று கீழ்க்குழாயில் அடித்த அடி வெளியே தெரியாமல் உள்ளே இழை பிரிந்து கிடக்கலாம் என்ற சந்தேகத்தோடு மலையிறங்கும் தைரியம் என் வயதுக்கு இல்லை. பின்பக்கத்திலும் ஸ்பிரிங் வைத்து மடங்கும் பிரேம் சுகமானது. மடங்கும் ஒவ்வொரு கீலிலும் ஒரு பேரிங், ஒவ்வொரு பேரிங்கிலும் கல்வராயனின் செம்மண். ஆகையால் முன்னே மட்டும் ஸ்பிரிங் போர்க்கு மாட்டிய குரோமோலி உருக்கு பிரேமே போதுமென்று தீர்மானித்தேன். கீழ்க்குழாய் கழுத்தோடு சேருமிடத்தில் சிறு முட்டுத்தகடு இருக்கிறதா என்று பார்த்தேன். கழுத்தின் சாய்வு, பழைய மலைச் சைக்கிள்களைப்போல 71 டிகிரியில் நிமிர்ந்து நிற்காமல், 66 டிகிரி அளவில் சாய்ந்து, முன்சக்கரத்தை எட்ட வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். செங்குத்தான இறக்கத்தில் குப்புற விழாமல் காப்பது பெரும்பாலும் அந்தச் சாய்வுதான். பின்சக்கரத்தருகே கியரைத் தாங்கும் சிறிய துண்டு கழற்றி மாட்டக்கூடியதா என்பதையும் கவனித்தேன். கல்லில் மோதினால் தான் வளைந்து பிரேமைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த தியாகத் துண்டு அது. உபரியாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேச விதிப்படி பெடல் விசையை 100,000 தடவை கொடுத்துச் சோதிப்பார்கள் என்றும், இந்த பிரேம் அதில் தேறியதென்றும் விற்பனையாளர் சொன்னார். சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சோதனைச் சாலையில் ஐப்பசி மழை பெய்வதில்லை.

எடை ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதல். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அதை உணர்கிறேன். சில சமயம் வருந்தவும் செய்கிறேன். கரியாலூர்ப் பக்கம் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் இரண்டு பேராக ஏறிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன்கள் என்னைக் கடந்து போகும்போது அந்த வருத்தம் அதிகரிக்கிறது.

வாங்கிய மறுநாள் அதைக் கள்ளக்குறிச்சிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஸ்பேனரின் முனையால் ஒவ்வொரு குழாயையும் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். கழுத்துப் பற்றை விரலால் சுற்றித் தடவினார். “இரும்புதாங்க. விட்டாலும் நான் பாத்துக்கறேன்” என்று அபயம் அளித்துவிட்டு, பின்னால் போய்க் குனிந்து பார்த்தவர் முகத்தில் முதல்முறையாக ஓர் அதிருப்தி தோன்றியது.

“எல்லாம் சரிங்கய்யா, கேரியர் மாட்ட ஓட்டையே வக்கலீங்களே?”