ஒருகனிமப் பாறையும் காரைக்காடும்

நிலவியலார் வழங்கும் 'மோனோமினராலிக்' என்னும் கலைச்சொல் ஓர் ஒட்டுச்சொல். 'மோனோஸ்' கிரேக்கம், தனித்தது எனப் பொருள்படும். 'மினரல்' இடைக்கால இலத்தீனில் சுரங்கத்தையும் தாதுவையும் குறித்த 'மினெரா'வின் வழி வந்தது. தமிழில் நாம் சொல்லும் 'ஒருகனிமப் பாறை'யும் அவ்வாறே. 'ஒரு' நம்முடையது, 'கனிமம்' சுரங்கத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழியது. அதில் பழத்தைத் தேடும் மாணவர் ஆண்டுதோறும் உளர்!

இந்த ஒட்டு நமக்கு உறுத்தலன்று. உறுத்துவது அந்த 'ஒரு'தான்.

நியூசிலாந்தில் நெல்சன் நகரையடுத்த டன் மலையின் பாறைக்கு 1859இல் ஹாக்ஸ்டெட்டர் 'டியூனைட்' எனப் பெயரிட்டார். உடைத்தால் ஆலிவின் கனிமத்தின் பசுமை. வெயிலும் மழையும் பட்ட மேற்புறமோ மங்கிய பழுப்பு. அப்பழுப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லே மலைக்கும் அதன்வழிப் பாறைக்கும் பெயராயிற்று. ஒருகனிமப் பாறைக்கு இதனையே எடுத்துக்காட்டுவர். ஆயினும் ஆலிவின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் போதும், டியூனைட் என்பர். எஞ்சியதில் குரோமைட்டும் உண்டு. அம்மலையின் குரோமைட்டைக் கொணரவே 1862இல் இருப்புப்பாதை இட்டனர்! ஆலிவினும் மக்னீசியமும் இரும்பும் வெவ்வேறு அளவில் கலந்ததே என்பதை இங்கே விரிக்க வேண்டா.

நார்வே அறிஞர் ஃபோக்ட் இக்குறையை உணர்ந்தார் போலும். 1905இல் 'அருகில்' எனப் பொருள்தரும் 'அங்கி' என்னும் கிரேக்க முன்னொட்டைச் சேர்த்து, ஏறக்குறைய ஒருகனிமமானவை என்று அவற்றைக் குறித்தார். துல்லியமான சொல்; ஆனால் பெருவழக்குப் பெறவில்லை.

நாமும் 'ஏறக்குறைய' சேர்க்கலாமே என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். வேண்டா என்றோம். பலவும் கலந்திருக்குமிடத்து, தலைமை பற்றியோ பன்மை பற்றியோ ஒன்றன் பெயரால் வழங்கலாம் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் காட்டும் நெறி. உரைகாரர் காட்டும் 'கமுகந்தோட்டம்' தலைமை பற்றியது; 'காரைக்காடு' பன்மை பற்றியது. காரைக்காட்டில் பிற செடிகளும் நிற்கும். அதனால் பெயர் பொய்யாவதில்லை. ஒருகனிமப் பாறையின் 'ஒரு'வும் எண்ணிச் சொன்ன ஒன்றன்று. பன்மை பற்றிய வழக்கு. நெறி கையிலிருக்க முன்னொட்டு எதற்கு?

அம்மாணவி நாமக்கல் மாவட்டத்தவர். அங்குள்ள சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட்டும் இவ்வகைப் பாறையே. பிளாஜியோகிளேஸ் தொண்ணூறுக்கு மேல். நிலவின் மேட்டுநிலங்களிலும் இதுவே மிகுதி. அதனாலேயே சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவுமண்ணை இஸ்ரோ அவ்வூர்ப் பாறையைப் பொடித்து ஆக்கியது.