எம்.டி.ஆரில் இருக்கும் ‘எம்’

ரவா இட்லி மாவுப் பொட்டலத்தில் அந்த மூன்றெழுத்தைப் பார்க்காத சமையலறை தமிழ்நாட்டில் குறைவு. அதன் முதலெழுத்து ஒரு பேட்டையின் பெயர் என்று சொன்னால் பெங்களூரிலேயே பலர் புருவத்தை உயர்த்துவார்கள். மாவள்ளி. ஒரு பக்கம் ஹைதர் அலி 1760இல் தொடங்கிவைத்த லால்பாக், மறுபக்கம் ஜே.சி. ரோட்டின் கார் உதிரிபாகக் கடைகள். நடுவில் சிக்கிய இந்தச் சின்னப் பேட்டைக்குக் கோபுரம், கோட்டை என்று காட்ட எதுவும் இல்லை. காட்டுவதற்கு ஓர் ஓட்டல் இருக்கிறது.

காலை ஆறரைக்குப் போங்கள். லால்பாக்கில் நடந்து முடித்தவர்கள் கேன்வாஸ் ஷூவோடு வாசலில் நிற்பார்கள். முகப்பில் கண்ணைப் பறிக்க எதுவும் கிடையாது. வேகமாகப் போகிற ஆட்டோவிலிருந்து பார்த்தால் தவறவிட்டுவிடலாம். இந்தக் கட்டடத்தின் பெருமை முகப்பில் இல்லை, உள்ளே ஆட்களை நடத்திச் செல்லும் விதத்தில் இருக்கிறது.

உடுப்பிப் பக்கத்துப் பரம்பள்ளியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924இல் லால்பாக் கோட்டை சாலையில் ஆரம்பித்தபோது கடையின் பெயர் ‘பிராமின்ஸ் காபி கிளப்’. யார் சமைத்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் காலத்து ஓட்டல்கள் பெயர்ப் பலகையிலேயே பதில் எழுதி வைத்திருந்தன. 1951இல் யக்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தார். திரும்பி வந்ததும் பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையை நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவையும் திறந்துவிட்டார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நம் ஊர்களில் அடுக்களை என்பது வீட்டின் கடைசி அறை. வெளியாள் கால் வைக்காத இடம். ஓட்டலிலும் புகை படிந்த கதவுக்குப் பின்னால்தான் அது இருந்தது. சமைக்கிறவரின் சாதி சுத்தத்துக்கு உத்தரவாதம் என்று எண்ணிய காலத்தில், கழுவிய தரையையும் ஆவி பறக்கும் பாத்திரத்தையும் காட்டி ‘இதைப் பார்த்து நம்புங்கள்’ என்றது பெரிய மாற்றம். 1960இல் இப்போதைய லால்பாக் சாலைக் கட்டடத்துக்குக் கடை மாறியது. பெயரும் மாறியது: மாவள்ளி டிபன் ரூம்ஸ். சாதி இறங்கிய பலகையில் பேட்டை ஏறியது. மையா அப்படி நினைத்துத்தான் செய்தாரா என்று வாதாட நான் வரவில்லை. பலகை அப்படித்தான் சொல்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில், சமையல்காரரை வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்திய எஃகுப் பளபளப்பு டைனர்கள் இருந்தன. மாவள்ளியில் எஃகுமில்லை, நியான் விளக்குமில்லை. பெயரில் உள்ளபடியே அறைகள்தான், கீழேயும் மாடியிலும். காத்திருக்க ஒரு கூடம். பெயர் கூப்பிடும்வரை சுவரிலுள்ள பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நின்றபடியே தின்னும் ‘தர்ஷினி’கள் 1980களில் இந்த நகரமெங்கும் முளைத்தபோது, தோசைக்கல்லை எல்லோரும் பார்க்கும்படி வைத்தன. அதற்கு விதை மாவள்ளியில் விழுந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

ரவா இட்லிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. கிடைத்த ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தோம் என்பது எம்.டி.ஆர். தரப்பு. இன்று தட்டில் வருவது முந்திரி பதித்த, கொத்தமல்லி தூவிய, லேசாகப் பழுப்பேறிய இட்லி. கூடவே உருளைக்கிழங்கு சாகு, பச்சைச் சட்னி, ஒரு குட்டிக் கிண்ணத்தில் உருக்கிய நெய். நெய்யைச் சூட்டோடு ஊற்றினால் இட்லி நொடியில் உறிஞ்சிவிடும். பேசிக்கொண்டே தாமதித்தால் மேலேயே நிற்கும். நம்மூர் மல்லிகைப்பூ இட்லியோடு இதை ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண். இது வேறு சாதி.

நெருக்கடிநிலைக் காலத்தில் அரசு ஓட்டல் பண்டங்களின் விலையைக் கட்டாயமாகக் குறைத்தது. தரத்தைக் குறைக்க மாட்டோம் என்று நின்ற கடை, நஷ்டக் கணக்கை வாசலில் எழுதி வைத்ததாகச் சொல்வார்கள். அந்த இக்கட்டில்தான் மாவுப் பொட்டல வியாபாரம் பிறந்தது. 2007இல் அது நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. ஓட்டல் மட்டும் மையா குடும்பத்திடமே தங்கியது. சிங்கப்பூர், துபாய் என்று கிளையும் விட்டது. அங்கெல்லாம் ‘எம்’ எதைக் குறிக்கிறது என்று கேட்க ஆளில்லை.

இங்கே கடைசியாக வெள்ளி டம்ளரில் காபி வருகிறது. சூடு விளிம்புவரை ஏறியிருக்கும்; துண்டு நுனியால்தான் பிடிக்க வேண்டும். எதிர்வரிசைப் பெரியவர் அதைப் பொருட்படுத்தாமல் வெறுங்கையால் எடுத்து, ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டு, “ஷுகர் கம்மி” என்கிறார், தமிழில்.