கடைசிப் பக்கம்

துப்பறியும் கதையைக் கையில் எடுத்தால் கொலையாளி யார் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுவது என் வழக்கம். அம்பத்தூரில் ரெயில் ஏறும்போது மைத்துனர்மேல் சந்தேகம் விழும். கொரட்டூரில் அது டாக்டர்மேல் திரும்பும். வில்லிவாக்கம் தாண்டினால் தோட்டக்காரன்தான் என்று சத்தியமே செய்துவிடுவேன். சென்ட்ரலில் இறங்குமுன் பார்த்தால், நான் சந்தேகிக்காத அந்த ஒரே ஆசாமி! அதனால் என்ன? ஏமாறத்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்!

என் மாமியார் வேறு ரகம். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்த தொடர்கதைகள் அவருடைய டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கு வருவார்.

"இதென்ன அத்தை, அநியாயம்?" என்றேன் ஒரு நாள்.

"யார் செஞ்சதுன்னு தெரிஞ்சிட்டா, எழுதினவர் எங்கெங்கே நம்மளை ஏய்க்கிறார்னு பார்த்துக்கிட்டே போகலாம். அந்த ருசி உனக்குத் தெரியாதும்மா."

அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டும் கிடையாது, நடனமும் கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். ஒவ்வொருவராக நம் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். சுட்டது யார் என்று தெரிந்தபின் மறுபடி பாருங்கள், அந்த முகத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் வேறு அர்த்தம் தோன்றும். (யார் என்று சொல்லமாட்டேன். படம் பார்க்காதவர்களின் சாபம் எனக்கு வேண்டாம்!) தேவனின் துப்பறியும் சாம்புவிடம் இந்தத் தொல்லையே இல்லை. துப்பறிகிறவருக்கே குற்றவாளி யாரென்று தெரியாதபோது நமக்கென்ன கவலை?

அத்தையின் வித்தை பலிக்காத கதையும் ஒன்று உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்'. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கடைசிப் பக்கத்தை எத்தனை தடவை புரட்டினாலும் வழக்கு தீர்வதில்லை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்றேன். "கல்வெட்டு இருக்கட்டும், கல்கி சொல்லலையே!" என்றார் அத்தை.

போன மாதம் அத்தையின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆவடிக்குப் போய் ரிப்போர்ட்டை வாங்கிவந்து கொடுத்தேன். கடைசிப் பக்கக்காரர் ஆயிற்றே, உடனே பிரிப்பார் என்று நினைத்தேன். தொடவே இல்லை. கவரை டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு டாக்டர் பிரிக்கட்டும்மா" என்றார்.

எனக்குத் தூக்கம் வருமா? இரவு இரண்டு மணி வரை ஊகித்தேன். மைத்துனரா, தோட்டக்காரனா என்கிற ஊகமா இது? எழுந்து போய்க் கவரைப் பிரித்து, நேரே கடைசி வரியைப் படித்தேன். பயப்பட ஒன்றுமில்லை. சமையலறையில் நின்று கொஞ்சநேரம் அழுதுவிட்டு, நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவரை முன்போலவே ஒட்டிவைத்தேன்.

விடிந்ததும் அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆவடியிலே சோத்துப் பருக்கை வெச்சா ஒட்டறாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"நல்ல முடிவுதான்னு உன் முகத்திலேயே தெரியுது. போய்க் காப்பியைப் போடு!"