கவுண்ட் குறைந்த நாளில்

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கீமோ பகல்நேரப் பிரிவின் வாசலில், காய்ச்சலோடு வருபவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் போன காலையில் அப்படி நேரே உள்ளே வந்தார் ஒரு பெண். மார்பகப் புற்று, கீமோ ஏற்றிப் பத்து நாள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் காலம். தெர்மாமீட்டர் 101 காட்டியது.

"மாத்திரை ஏதும் போட்டீங்களாம்மா?"

"ராத்திரி ஒரு பாராசிட்டமால் போட்டேன் சிஸ்டர். விட்டிருச்சு."

விட்டது காய்ச்சல்தான், கிருமி விடவில்லை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போன உடம்பில் சீழ்கூடச் சரியாகப் பிடிக்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. அதையும் மறைத்துவிட்டால், தெரியவரும்போது ரத்த அழுத்தம் சரிந்திருக்கும். அதனால் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயாக வேண்டும். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு ஊசி போட்டார்கள். கவுண்ட் பிறகுதான் வந்தது: 400.

அடுத்து மருத்துவர் மதிப்பெண் போட்டார். ஆள் எவ்வளவு சோர்ந்திருக்கிறார், ரத்த அழுத்தம் எப்படி, நாள்பட்ட நுரையீரல் நோய் உண்டா, நீர்ச்சத்து வற்றியிருக்கிறதா, காய்ச்சல் வீட்டில் தொடங்கியதா வார்டிலா, வயது 60க்குள்ளா... மொத்தம் 26. இருபத்தொன்றும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு. இவருக்கு 24.

சிப்ரோஃப்ளாக்சசினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரைகள், ஆபத்து குறைந்தவர்களுக்கு ஊசிக்கு ஈடாகவே வேலை செய்கின்றன என்று 1999இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. வார்டில் படுத்தால் அங்குள்ள முரட்டுக் கிருமிகள் தொற்றும் பயமும் உண்டு. ஆனால் மருந்தைவிட வீட்டைப் பற்றித்தான் மருத்துவர் அதிகம் கேட்டார். வீடு எங்கே? குரோம்பேட்டை. ராத்திரி கூட யார் இருப்பார்கள்? நடு ராத்திரியில் வண்டி கிடைக்குமா? மாத்திரை வாந்தியில் போய்விடாதே? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் எழுதித் தரும் மாத்திரையை நான் நம்பமாட்டேன்.

அடுத்த கட்டிலில் ரத்தப் புற்றுநோயாளி, திருவண்ணாமலைக்காரர். கவுண்ட் ஏறப் பல நாள் ஆகும் என்பதால் பேச்சே இல்லை, அட்மிஷன்தான்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இந்தியாவில் ஈ. கோலை கிருமிகளில் பெரும்பங்கு சிப்ரோவுக்கு அடங்குவதில்லை. தங்கள் கல்ச்சர் பதிவேட்டைப் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடுவதில்லை என்றார் மருத்துவர். முன்தடுப்பாக, சிப்ரோவின் இனத்தையே சேர்ந்த லெவோஃப்ளாக்சசின் சாப்பிட்டு வருபவருக்குத் தருவதே இல்லை. சாதாரணச் சளிக்கும் பேதிக்கும் சீட்டில்லாமல் சிப்ரோவைக் கடையில் விற்பது, இந்தப் பெண்ணின் கையிலிருந்து மருந்தைப் பிடுங்குவதுதான்.

நான்கு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கணவரிடம் சிஸ்டர் மாத்திரைப் பட்டையைக் கொடுத்தார்.

"அண்ணா, குளிர் நடுக்கம் வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மயக்கமா இருந்தாலோ உடனே கூட்டிட்டு வந்துடுங்க. நாளைக்கு நானே போன் பண்ணுவேன். கல்ச்சர்ல கிருமி வளர்ந்தா அன்னைக்கே அட்மிஷன்."