கானோவிங்கோவில் ஒரு குச்சி

தங்கை மகன் இரவே எச்சரித்துவிட்டான். "மாமா, காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும். கையுறைய மறந்துடாதீங்க." மேரிலாந்தில் நவம்பர் கடைசி வாரக் குளிர். வெண்தலைக் கழுகைத்தான் டாலர் நோட்டிலேயே பார்த்தாயிற்றே என்று முனகிக்கொண்டே காரில் ஏறினேன்.

சஸ்குவெஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலப்பதற்குச் சுமார் 16 கிலோமீட்டர் முன்னால், குறுக்கே நிற்கிறது கானோவிங்கோ அணை. 1928-இல் மின்சாரத்துக்காகக் கட்டியது. டர்பைனுக்குள் மாட்டி வெளியே வரும் மீன்கள் கிறங்கி மிதக்கும். அந்தப் பந்திக்குத்தான் கழுகுகள் கூடுகின்றன. கரை நெடுக முக்காலிகளும், ஆள் கை நீளத்துக்கு லென்ஸ்களும்.

முதலில் பார்த்ததே ஒரு வழிப்பறி. ஒரு கழுகு மீனோடு எழும்ப, இன்னொன்று துரத்திப் போய்ப் பறித்துக்கொண்டது. 1782-இல் இந்தக் கழுகை அமெரிக்க முத்திரையில் பொறித்தார்கள். இரண்டு வருடம் கழித்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அடுத்தவர் உழைப்பைத் திருடித் தின்னும் பறவை இது என்று மகளுக்குக் கடிதம் எழுதிக் குறைபட்டுக்கொண்டார். குரலும் ஏமாற்றம்தான்: கீச்சுக் கீச்சென்று கோழிக்குஞ்சு மாதிரி. சினிமாவில் இதற்குப் பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரலைத்தான் ஒட்டுகிறார்கள்! உடம்பெல்லாம் பழுப்பாக இருந்தவற்றை வேறு ஏதோ பருந்து என்று விட்டுவிட்டேன். அவையும் இதே கழுகின் இளசுகளாம். தலை வெளுக்க நாலைந்து வருடம் ஆகும்.

வெயில் ஏறியபோது எதிர்க்கரையில் ஒரு கழுகு பறந்தது. காலில் மீன் இல்லை, நீளமான காய்ந்த குச்சி. உயர்ந்த மரமொன்றின் கவட்டில் கட்டில் அகலத்துக்குக் கூடு. அங்கே உட்கார்ந்திருந்தது உருவத்தில் இன்னும் பெரிது. இந்த இனத்தில் பெண்தான் பெரியது. குச்சியை இப்படி வைத்து, பிடிக்காமல் அப்படித் திருப்பி, இரண்டும் வெகுநேரம் மல்லுக்கட்டின. எங்கள் வீட்டில் பரணில் சாமான் அடுக்குவது ஞாபகம் வந்தது.

ஜோடிகள் பெரும்பாலும் வருடாவருடம் பழைய கூட்டையே செப்பனிட்டு மேலே மேலே அடுக்குகின்றன. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே 1963-இல் அளந்த ஒரு கூட்டுக்கு ஆழம் 6 மீட்டர், எடை 2 டன்னுக்கு மேல். அப்பேர்ப்பட்ட கொத்தனார்கள், அதே 1963 கணக்கெடுப்பில், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்கா முழுவதிலும் வெறும் 417 ஜோடி. வயலில் தெளித்த டிடிடி பூச்சிக்கொல்லி ஆற்றில் இறங்கி, மீன் வழியாகக் கழுகுக்குள் போய், முட்டை ஓட்டை மெலியவைத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. வீடு இரண்டு டன், ஓடு காகிதம்.

1972-இல் டிடிடியைத் தடை செய்தார்கள். 2007-இல் அழியும் அபாயப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. 2019 மதிப்பீட்டில் 71,400 ஜோடிகள். நான் பார்த்த ஜோடி குளிர்காலத்திலேயே ஒன்றிரண்டு முட்டை இடும். இருவரும் மாறிமாறி 35 நாள் அடைகாப்பார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அணைக்கட்டு வாகன நிறுத்தத்தில் கருப்புப் பிணந்தின்னிக் கழுகுகளும் உண்டு. வைப்பர் ரப்பர் என்றால் அவற்றுக்கு உயிர். காரை மூட ஒரு தார்ப்பாய் கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோகவில்லை.