காற்றுக்கு அப்பால் ஓர் ஒளி

ஆனி முழுநிலவில் திருவண்ணாமலையை வலம்வருவோர் இரமணாசிரமத்தைக் கடக்கையில் மலை வலப்புறம் நிற்கும். இடப்புறம் தென்வானம் விரிந்து கிடக்கும். அங்கே விருச்சிகத்தின் கேட்டை நிலவொளியையும் மீறிச் செந்நிறமாய்த் தெரியும். அதற்குச் சற்று மேலே வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விண்மீன் ஒன்று உண்டு. எக்ஸ் கதிர் எனப்படும் ஊடுகதிரைக் காணும் கருவிக்கோ, கதிரவனுக்கு அடுத்து வானில் நிலையாகப் பேரொளி வீசுவது அதுவே. ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்பது அதன் பெயர். அதன் இருப்பிடத்தைத் துல்லியமாய்க் குறித்த குழுவில் ஓர் இந்தியரும் இருந்தார். அவர் பி.வி. ஸ்ரீகண்டன்.

1925இல் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்த அவர், 1948இல் ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். விண்ணை ஆராய வந்தவர் முதலில் இறங்கியது மண்ணுக்குள்! திருவண்ணாமலைக்கு வடமேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்தில், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எவ்வளவு ஆழம் ஊடுருவுகின்றன என்று அளந்தார். 1965இல் அதே சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்ட குழுவிலும் அவர் இருந்தார். பிற துகள்களைப் பாறை தடுத்துவிட, நியூட்ரினோ மட்டும் தங்குதடையின்றி வந்தது.

ஊடுகதிரின் இயல்போ நேர்மாறானது. உடலை ஊடுருவும் கதிரைக் காற்றா தடுக்கும் என்று மாணவர் ஐயுறலாம். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்கு இணையான எடை உடையது. அதைக் கடந்து விண்மீனின் ஊடுகதிர் தரைக்கு வாராது. அண்ணாமலை உச்சிக்கு ஏறினாலும் பயனில்லை.

1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலவின் ஊடுகதிரைத் தேடி ஏவூர்தி ஒன்றை அனுப்பியது. தேடியது கிட்டவில்லை, ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 அகப்பட்டது. கதிர் வரும் திசை தெரிந்தது; அதை வீசும் விண்மீன் எதுவென்று தெரியவில்லை. அப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஸ்ரீகண்டன், 1966ஆம் ஆண்டின் ஏவூர்தி ஆய்வில் பங்கேற்றார். குறிக்கப்பட்ட இடத்தை ஜப்பானிய, அமெரிக்கத் தொலைநோக்கிகள் துழாவின. அங்கிருந்தது மங்கிய நீலநிற விண்மீன் ஒன்று. கண்ணுக்குரிய ஒளியைப்போல் ஆயிரம் மடங்கு ஆற்றலை அது ஊடுகதிராக வீசிக்கொண்டிருந்தது.

தாயகம் திரும்பியவரிடம் ஏவூர்தி இல்லை, பலூன் இருந்தது. 1968இல் ஐதராபாத்திலிருந்து மெல்லிய பாலித்தீன் பலூன்களில் கருவிகள் ஏறத் தொடங்கின. 40 கிலோமீட்டர் உயரம் எட்டினால், அதற்கு மேல் எஞ்சுவது காற்றில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. சில மணிநேரம் பதிவு நடக்கும். பின்னர்க் கருவி வான்குடையில் இறங்கும். இறங்கிய இடத்தைத் தேடிச் சென்று மீட்க வேண்டும். இந்திய ஊடுகதிர் வானியல் அந்தச் சில மணிநேரங்களில்தான் வளர்ந்தது.

1987வரை டாட்டா நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஸ்ரீகண்டன், பின்னர்ப் பெங்களூரில் அறிவியலின் தத்துவத்தையும் மனித உணர்வுநிலையையும் ஆராய்ந்தார். ‘நான் யார்’ என இரமணர் எழுப்பிய வினாவுக்கு அயலான துறையன்று அது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் புறப்பட்டது. டாட்டா நிறுவனத்தில் உருவான ஊடுகதிர்க் கருவிகளைச் சுமந்து, 650 கிலோமீட்டர் உயரத்தில் அது சுழலத் தொடங்கியபோது அவருக்கு வயது 90.